விளையும் மண்ணில் எப்படி வந்தது உணவுப் பாலைவனம்?

இன்றைய எபிசோடில் ஒரு சொல்லின் பின்னால் இருக்கிற வரலாற்றைப் பார்க்கப் போகிறோம். சொல், "உணவுப் பாலைவனம்". ஆங்கிலத்தில் ஃபுட் டெசர்ட் என்பார்கள். காய்கறி, பழம், பால், முட்டை விற்கிற ஒரு நல்ல மளிகைக் கடைக்குப் போகவே மக்கள் ரொம்ப தூரம் பயணம் செய்ய வேண்டிய ஏழைப் பகுதிகளுக்கு அந்தப் பெயர். அமெரிக்க விவசாயத் துறை இதற்கு வரையறை வைத்து, 2011-இல் இணையத்தில் ஒரு வரைபடமே வெளியிட்டது. நகரம் என்றால் ஒரு மைல், கிராமம் என்றால் பத்து மைல். அதற்குள் சூப்பர் மார்க்கெட் இல்லையென்றால், வருமானமும் குறைவென்றால், அந்தப் பகுதிக்கு வரைபடத்தில் ஒரு நிறம்.

பாலைவனம்னு சொன்னதும் நமக்கு என்ன தோணும்? மழை இல்லை, மண் சரியில்லை, இயற்கை அப்படி, யாரைக் குறை சொல்ல முடியும்? அதனால்தான் இன்றைக்கு மிசிசிப்பி டெல்டாவை எடுத்துக்கொள்கிறேன். மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மிசிசிப்பி ஆறும் யாசூ ஆறும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் நிலம். அமெரிக்காவின் மிக வளமான மண்களில் ஒன்று. அங்கேயும் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நல்ல தக்காளி வாங்க முடியாத ஊர்கள் இருக்கின்றன. இது எப்படி?

அதற்கு முன்னால் கவுண்டி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, ஆனால் அளவில் சின்னது. மிசிசிப்பியில் மட்டும் 82 கவுண்டிகள். முக்கியமான வித்தியாசம், நம்ம கலெக்டர் மாதிரி மேலிருந்து நியமிக்கப்பட்டவர் அங்கே ஆள்வதில்லை. உள்ளூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து மேற்பார்வையாளர்கள் கொண்ட ஒரு குழுதான் கவுண்டியை நடத்தும். இந்த ஐந்து பேரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு அடிமை முறை ஒழிந்தது. ஆனால் நிலம் கை மாறவில்லை. கறுப்பின மக்கள் அதே பருத்திப் பண்ணைகளில் வாரக் குத்தகைதாரர்கள் ஆனார்கள். அறுவடைக்குப் பிறகுதான் கணக்குத் தீர்ப்பார்கள். அதுவரை சாப்பாட்டுக்கு? பண்ணைக் கடையில் கடன். விலையும் வட்டியும் முதலாளி சொல்வதுதான். பல பண்ணைகளில் வீட்டு வாசற்படி வரைக்கும் பருத்திதான் போட வேண்டும், கீரைப் பாத்திக்குக்கூட இடம் கிடையாது. அந்தக் கடையில் கிடைத்தது மக்காச்சோள மாவு, உப்புப் போட்ட பன்றிக் கொழுப்பு, கரும்புப் பாகு.

இதன் விளைவு பெலக்ரா என்ற நோய். தோல் வெடிக்கும், வயிறு கெடும், கடைசியில் புத்தி பேதலிக்கும். இது தொற்றுநோய் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற அரசு மருத்துவர், 1915-இல் மிசிசிப்பியின் ஒரு சிறைப் பண்ணையில், விடுதலைக்கு ஈடாகச் சம்மதித்த கைதிகளுக்கு இதே மாதிரி சத்தில்லாத உணவைக் கொடுத்து, நோயை வரவைத்தே காட்டினார். காரணம் கிருமி இல்லை, சாப்பாடு. பின்னாளில் அவரும் பொருளாதார அறிஞர் எட்கர் சைடன்ஸ்ட்ரிக்கரும் இன்னொரு படி மேலே போய், பருத்தியை மட்டுமே நம்பும் பொருளாதாரமும் மக்களின் வறுமையும்தான் வேர் என்றார்கள். தெற்கின் அரசியல்வாதிகளுக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் பட்டினியா, அவமானம் என்று கொதித்தார்கள்.

சரி, இப்போது 1962-க்கு வருவோம். இடம், லெஃப்லோர் கவுண்டி. தலைநகர் கிரீன்வுட். அந்தக் கவுண்டியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் கறுப்பினத்தவர். ஆனால் வாக்காளர் பட்டியலில் அவர்கள் சில நூறு பேர்தான். அந்த ஆண்டு சாம் பிளாக், வில்லி பீகாக் போன்ற இளைஞர்கள், எஸ்என்சிசி என்ற மாணவர் அமைப்பின் சார்பில் வந்து, வாக்காளராகப் பதிவு செய்யுங்கள் என்று வீடு வீடாகப் போனார்கள்.

குளிர்காலத்தில் பருத்தி வேலை இருக்காது. அந்த மாதங்களில் மத்திய அரசின் உபரி உணவுதான் கை கொடுக்கும். மாவு, அரிசி, பால் பவுடர். ஏறக்குறைய நம்ம ரேஷன் மாதிரி, ஆனால் இலவசம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது பாருங்கள். உணவைக் கொடுப்பது வாஷிங்டன். அதை வாங்கி, கிடங்கில் வைத்து, விநியோகிப்பது கவுண்டி. கவுண்டி வேண்டாம் என்றால் உணவு வராது.

அந்தக் குளிர்காலத்தில் லெஃப்லோர் கவுண்டியின் மேற்பார்வையாளர்கள் வேண்டாம் என்றார்கள். விநியோகச் செலவு கட்டுப்படியாகவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் உணவு நின்றது. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். ஏன் நிறுத்தினார்கள் என்பது ஊரில் யாருக்கும் புரியாமல் இல்லை. வாக்குக் கேட்டாய் அல்லவா, பட்டினி கிட.

வடக்கிலிருந்து லாரி லாரியாக உணவு வந்தது. மிச்சிகனிலிருந்து உணவும் மருந்தும் ஏற்றி வந்த இரண்டு மாணவர்களைப் கிளார்க்ஸ்டேலில் கைது செய்தார்கள். 1963 பிப்ரவரியில் நகைச்சுவைக் கலைஞர் டிக் கிரிகரி, வாடகை விமானத்தில் 14,000 பவுண்டு உணவு கொண்டுவந்தார். இங்கேதான் திருப்பம். உணவுக்காக வரிசையில் நின்றவர்கள், அடுத்து நீதிமன்றத்தின் வாசலில் வாக்காளர் பதிவுக்கு வரிசையில் நின்றார்கள். பயமுறுத்த எடுத்த ஆயுதமே ஆட்களைத் திரட்டிக் கொடுத்தது. கடைசியில் மத்திய அரசு நெருக்கவே, விநியோகம் மறுபடி தொடங்கியது.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. 1964-இல் உணவு முத்திரைச் சட்டம் வந்தது. டெல்டாவின் கவுண்டிகள் பல, இலவச உணவை விட்டுவிட்டு முத்திரைத் திட்டத்துக்கு மாறின. கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? ஆனால் முத்திரையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். மிகக் குறைந்தது ஆளுக்கு மாதம் இரண்டு டாலர். அதே சமயத்தில் களைக்கொல்லியும் பருத்தி எடுக்கும் இயந்திரமும் வந்து, நாள் கூலி மூன்று டாலர் வேலையும் போய்விட்டது. கையில் ரொக்கமே இல்லாத வீட்டில் இரண்டு டாலருக்கு எங்கே போவார்கள்? 1967 ஏப்ரலில் செனட்டர் ராபர்ட் கென்னடி டெல்டாவுக்கு வந்து, குடிசைகளுக்குள் போய், பட்டினிக் குழந்தைகளைப் பார்த்துவிட்டு உடைந்துபோனார். அடுத்த ஆண்டு ஒரு குடிமக்கள் விசாரணைக் குழு, அமெரிக்காவில் 256 கவுண்டிகளைப் "பட்டினிக் கவுண்டிகள்" என்று பட்டியலிட்டது. அந்த 256 கவுண்டிகளும் உலகத்துக்கே உணவு அனுப்பிக்கொண்டிருந்த நாட்டுக்குள்தான் இருந்தன.

டெல்டா மக்கள் கை கட்டி உட்காரவில்லை. பொலிவார் கவுண்டியில் மவுண்ட் பாயு என்ற ஊரில் ஒரு சுகாதார மையம் நடத்திய டாக்டர் ஜாக் கைகர், சத்துக்குறைவோடு வந்த குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டில் உணவையே எழுதிக் கொடுத்தார். பால், காய்கறி, இறைச்சி. உள்ளூர்க் கடைக்காரர் கொடுப்பார், பில் மையத்தின் மருந்துக் கணக்கில் போகும். அதிகாரிகள் ஆட்சேபித்தார்கள். சத்துக்குறைவுக்கு மருந்து சாப்பாடுதான் என்பது அவருடைய பதில்.

சன்ஃபிளவர் கவுண்டியில் ஃபேனி லூ ஹேமர். 1962-இல் வாக்காளராகப் பதிவு செய்யப் போனதற்காக, பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து விரட்டப்பட்டவர். 1969-இல் 40 ஏக்கர் வாங்கி 'ஃப்ரீடம் ஃபார்ம்' என்ற கூட்டுறவுப் பண்ணை தொடங்கினார். அது பிறகு 600 ஏக்கரைத் தாண்டியது. காய்கறி விளைந்தது. ஒரு "பன்றி வங்கி"யும் இருந்தது. சினைப் பன்றியைக் குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். குட்டி போட்டதும் அதில் ஒரு பங்கை வங்கிக்கே திருப்பித் தர வேண்டும், அது அடுத்த குடும்பத்துக்குப் போகும். சொந்தமாகக் கீரைப் பாத்தியும் பன்றியும் இருந்தால் யாரும் நம்மைப் பட்டினி போட்டு அடக்க முடியாது என்பதுதான் ஹேமரின் கணக்கு. ஆனால் நிலக் கடன், வெள்ளம், நன்கொடை வறட்சி எல்லாம் சேர்ந்து 1970-களின் நடுவில் பண்ணை கைவிட்டுப் போனது. 1977-இல் ஹேமர் காலமானார்.

மத்தியில் சட்டம் மாறியது. 1974-இல் உணவு முத்திரை எல்லாக் கவுண்டிகளுக்கும் கட்டாயமானது. கவுண்டி இனி வேண்டாம் என்று சொல்ல முடியாது. 1979-இல் முத்திரையைக் காசு கொடுத்து வாங்கும் விதியும் ஒழிந்தது. பெரிய வெற்றி, சந்தேகமே இல்லை.

இன்றைக்கு டெல்டாவில் சோயா, மக்காச்சோளம், பருத்தி, நெல் என்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை விளைகிறது. பெரும்பாலும் லாரியிலும் படகிலும் ஏறி வெளியே போய்விடும். இயந்திரம் வந்ததும் மக்கள் தொகை குறைந்தது, மக்கள் குறைந்ததும் மளிகைக் கடை மூடியது. கார் இல்லாதவர், தெரிந்தவருக்குப் பெட்ரோல் காசு கொடுத்து அடுத்த ஊருக்குப் போகணும். கடை திறந்தால் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2019-இல் பொருளாதார அறிஞர்கள் வெளியிட்ட ஒரு பெரிய ஆய்வு, புது சூப்பர் மார்க்கெட் வந்த பகுதிகளில் மக்கள் வாங்கும் பொருள்கள் பெரிதாக மாறவில்லை என்று காட்டியது. மைல் கணக்கு மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். மீதிப் பாதி, கையில் காசு, காலடியில் நிலம், வாக்குச் சீட்டு.

பண்ணைக் கடையில் முதலாளி, கவுண்டி அலுவலகத்தில் ஐந்து பேர், முத்திரைக்கு இரண்டு டாலர் விதித்த சட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ உட்கார்ந்து எடுத்த முடிவு அது. பாலைவனம் என்ற சொல் அந்த ஆட்களை மறைத்துவிடுகிறது. மனிதர்கள் எடுத்த முடிவை மனிதர்களே மாற்ற முடியும் என்பதற்கு 1963-இன் கிரீன்வுட் வரிசையும் சாட்சி, 1974-இன் மாற்றமும் சாட்சி. அடுத்த முறை இப்படி ஒரு வரைபடத்தைப் பார்த்தால், கடை எத்தனை மைல் என்பதோடு, அந்த ஊரில் முடிவெடுக்கிற நாற்காலியில் யார் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.