காற்றுக்குக் கட்டிய கரை

சீன மருந்துக் கடைகளில் வில்லை வில்லையாக அரிந்து வைத்திருக்கும் ‘ஃபாங்ஃபெங்’ என்னும் வேரின் பெயரைச் சொல்லன்பர்கள் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். முதலசை கீழிருந்து மேலேறும். அடுத்த அசை ஏறிய உயரத்திலேயே நீளும். கொத்தமல்லிக் குடும்பத்துச் செடியான இதற்கு, தொன்ம அரசர் ஷென்நொங் பெயரால் வழங்கும் பழைய மூலிகை நூலிலேயே இப்பெயர் உண்டு.

‘ஃபெங்’ காற்று. திடீரென வந்து, இடம் மாறி அலைக்கும் நோய்களைச் சீன மருத்துவர் காற்றின் செயல் என்றனர். நம் ‘வளி’ உடலுக்குள் உறைவது. ஃபெங்கோ பெரும்பாலும் வெளியிலிருந்து புகுவது. ஆதலால் இதை வளி என்று பெயர்க்க என் மனம் ஒப்பவில்லை.

‘ஃபாங்’ இன்று காத்தலையும் தடுத்தலையும் குறிக்கிறது. கி.பி. 100 அளவில் ஷூ ஷென் தொகுத்த எழுத்தகராதியோ அதற்குக் கரை என்றே பொருள் தருகிறது. எழுத்தின் இடப்பக்கத்தில் மண்மேட்டைக் குறிக்கும் உறுப்பு இன்றும் நிற்க, வலப்பக்கத்து உறுப்பு ஒலியை மட்டும் தருகிறது. நீரை மறித்த மண்கரையின் பெயர் மறித்தல் தொழிலுக்கு ஆகி, பிறகு காற்றை மறிக்கும் வேருக்கும் ஏறியது. தமிழில் ‘அணை’ நீரைத் தடுப்பதோடு தழுவிச் சேர்ப்பதையும் சொல்லும். அந்த இரட்டைப் பொருள் பின்னால் சற்றுப் பயன்படும்.

ஒலிக்கு நின்ற அவ்வுறுப்பே தனிச்சொல்லானால் மருந்து முறை என்றும் பொருள்படும். ‘தோங் சியே யாவ் ஃபாங்’ என்ற பெயரின் ஈற்றில் நிற்பது அதுதான்: தோங் வலி, சியே கழிச்சல், யாவ் முதன்மை. வயிறு வலித்துக் கழிந்து, கழிந்ததும் வலி தணியும் நிலைக்கான இம்முறையில் பாய்ஜூ கிழங்கு, வெண்பியோனி வேர், உலர்ந்த ஆரஞ்சுத் தோல், ஃபாங்ஃபெங் ஆகிய நான்கும் சேரும். 17-ஆம் நூற்றாண்டில் மருத்துவர் ஜாங் ஜியேபின் இதைச் சரக்குகளின் பெயரால் பாய்ஜூ-பியோனித் தூள் என்றார். இன்றைய பாடநூல்களில் நோயின் பெயரே நிலைத்துவிட்டது. எரிச்சலுறு குடல் நோயில் கழிச்சல் மிகுந்த வகைக்குச் சீனாவில் இதையே பெரிதும் எடுத்தாள்கின்றனர். அந்நோய்க்குச் சீனர் இட்ட புதுப்பெயர் எளிதில் கிளர்ந்தெழும் குடல் என்பது. நம் ‘எரிச்சல்’ தரும் தீயின் சாயல் அதில் இல்லை.

அந்நோயாளிகள் சிலரிடம் குடற்சுவரின் செல்களைச் சேர்த்தணைக்கும் இணைப்புகள் தளர்ந்திருக்கின்றன. அவ்விணைப்பிலுள்ள புரதங்கள் இரண்டுக்கு 1998-இல் கியோட்டோவில் ஆய்வாளர்கள் ட்சுகிதாவும் ஃபுருசேயும் ‘கிளாடின்’ என்று பெயரிட்டனர். மூடுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையே அப்பெயரின் வேர். ‘தோங் சியே யாவ் ஃபாங்’ இவ்விணைப்புப் புரதங்களை மீட்கிறதா என எலிகளில் சோதித்துவருகின்றனர். எலியில் கண்டது மனிதரில் உறுதியாகத் தனிச்சோதனை வேண்டும். ஃபாங்ஃபெங் என்ற பெயரில் கரை இருப்பதால் பழையோர் செல்லிணைப்பை அறிந்திருந்தனர் என்பதும் சொல்லுக்குச் செய்யும் அநீதி.

குடற்சுவரின் இக்காவலைச் சீனர் ‘சாங் பிங்ஜாங்’ என்கின்றனர். சாங் குடல், ‘பிங்’ மறைப்புத் தட்டி. ஃபாங்ஃபெங்கும் பாய்ஜூவும் சேரும் இன்னொரு பழந்தூளான ‘யூ பிங்ஃபெங் சான்’ பெயரிலும் அதே பிங் உண்டு. பச்சைக்கல்லால் ஆன காற்றுமறைப்பு என்பது அதன் பொருள். தமிழில் நான் குடல் அரண் என்றே எழுதுவேன். தடுப்பு என்றால் முற்ற அடைத்ததாகிவிடும். அரணுக்கு வாயில் உண்டு, குடற்சுவரும் உணவின் சத்தை உள்ளே விட்டாக வேண்டும்.