கணப்புச் சட்டத்தில் ஒரு கித்தார்

என் சிறு வயதில் எங்கள் எதிர் வீட்டில் ஒரு மாமா இருந்தார். ஆபீஸில் குமாஸ்தா, வீட்டில் புல்புல்தாரா வித்வான். வித்வான் என்று நான் எழுதுவது அவருடைய ஆத்ம திருப்திக்காகத்தான். யாரிடமும் பாடம் கேட்டவர் அல்ல. தம் வாத்தியம் தெருக்கோடி வரையில் கேட்க வேண்டும் என்பது ஒன்றே அவருடைய லட்சியம். அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய டெலிபோன் ஒன்றைப் பிரித்து, பேசும் பக்கத்தில் இருந்த வில்லையை எடுத்துப் புல்புல்தாராவின் வயிற்றில் ஒட்டி, அதிலிருந்து ஓர் ஒயரை ரேடியோப் பெட்டியின் முதுகில் செருகினார். சங்கீதம் வரவில்லை. 'கொய்ங்' என்று ஓர் ஊளை வந்தது. தெருநாய்கள் பதில் கொடுத்தன.

"உங்களுக்குப் பிடிச்சது போறாதுன்னு ரேடியோவுக்கும் பைத்தியம் பிடிக்க வெச்சுட்டேளா?" என்றாள் மாமி, சமையல் உள்ளிலிருந்து.

அந்த ஊளையை நானும் வெகு காலம் பரிகாசம் செய்திருக்கிறேன். பிற்பாடு மின்சாரக் கித்தாரின் கதையைப் படிக்கப் போன இடத்தில்தான் எனக்கு வெட்கம் பிறந்தது. மாமா செய்ததையே அமெரிக்காவில் ஒரு பையன் முன்னமேயே செய்திருக்கிறான். 1915-இல் விஸ்கான்ஸின் ராஜ்யத்தில் வாகெஷா என்னும் ஊரில் பிறந்த லெஸ் பால்தான் அந்தப் பையன். டெலிபோனின் வாய்ப் பகுதியை வீட்டு ரேடியோவில் இணைத்து அதையே ஒலிபெருக்கியாக்கிக் கொண்டு பாடினான். பாட்டு கேட்கிறது, கித்தார் கேட்கவில்லை என்று யாரோ குறை சொன்னதும், கிராமபோனின் ஊசியைக் கழற்றிக் கித்தாருக்குள் குத்தி வைத்தான்.

அவர் பெரியவரானதும் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தமானது. கித்தாரின் வயிறு அதிர்வதால்தான் ஊளை கிளம்புகிறது என்று கண்டுகொண்டு, 1940-ஐ ஒட்டி, நாலங்குலச் சதுரக் கட்டை ஒன்றில் தந்திகளைப் பூட்டி வாசித்தார். ஜனங்கள் முகத்தைச் சுளித்தார்கள். உடனே வேறொரு கித்தாரை நெடுக அறுத்து, அதன் இரண்டு பாதிகளையும் கட்டையின் இரு புறமும் இறக்கை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தார். நாதம் அதேதான், கைதட்டல் பலமாக விழுந்ததாம். நமது சபாக்களிலும் கண்ணால் கேட்கும் ரஸிகர்கள் உண்டு என்பதால் இதைப் பற்றி மேலே பேசாமல் விடுகிறேன். 1941-இல் வீட்டு நிலவறையில் ஏதோ முடுக்கிக் கொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி, அவர் பிழைத்தது புனர்ஜன்மம்.

ஆனால் லெஸ் பால் தொழில்முறைக் கலைஞர். நான் சொல்ல வந்தது வீட்டுக் கதை; ஒரு தகப்பனாரும் பிள்ளையும் சேர்ந்து செய்த கதை.

லண்டனுக்கு மேற்கே ஃபெல்தம் என்ற புறநகரில் ஹெரால்டு மே என்று ஒருவர் இருந்தார். சர்க்கார் உத்தியோகம், மின்னணு சாதனங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை. சம்பளம் சொற்பம், கையோ மந்திரக் கை. வீட்டிலிருந்த ரேடியோவும் டெலிவிஷனும் அவரே செய்தவை. ஒரே பிள்ளை பிரையன் 1947-இல் பிறந்தான். ஏழாவது பிறந்தநாளுக்கு ஒரு சாதாரணக் கித்தார் கிடைத்தது. பையன் அதை வாசித்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. காந்தத்தைச் சுற்றித் தாமிரக் கம்பி சுற்றித் தந்திகளின் கீழே வைத்தான். எஃகுத் தந்தி காந்தத்தின் அருகே அதிர்ந்தால் கம்பிச் சுருளில் மெல்லிய மின்சாரம் பிறக்கும். அதைப் பெருக்கினால் நாதம். இவ்வளவுதான் சூட்சுமம்.

பதினாறு வயதில் பையனுக்கு அசல் மின்சாரக் கித்தார் மீது மோகம் வந்தது. அமெரிக்கக் கித்தார்கள் இங்கிலாந்துக்குள் வருவதற்கு 1959 வரையில் தடை இருந்தது. தடை நீங்கிய பிறகோ விலை தடையாக நின்றது. நூறு பவுனுக்கு மேல். குமாஸ்தா வீட்டில் அது நடக்கிற காரியமா? "செய்துவிடுவோம்" என்று தகப்பனாரும் பிள்ளையும் 1963 ஆகஸ்டில் உட்கார்ந்தார்கள்.

அவர்கள் பொறுக்கிய சாமான்களின் ஜாபிதாவைக் கதையில் எழுதினால் பத்திரிகாசிரியர் நீலப் பென்சிலை எடுத்துவிடுவார். கித்தாரின் கழுத்து, நூறு வருஷத்துக் கணப்பு ஒன்றின் மேல் சட்டம்; தெரிந்தவர் ஒருவர் வேண்டாமென்று கழித்த மஹாகனி மரம். அதில் புழு அரித்த துளைகள் இருந்தன. தீக்குச்சிகளைச் செருகி அடைத்தான் பையன். உடலின் நடுப்பகுதி ஒரு பழைய ஓக் மேஜை. ஸ்வரத்தை அசைக்கும் கருவி ஒரு பழைய கத்தியின் முனையில் நின்று ஆட, அதை இழுத்துப் பிடிப்பவை 1928-ஆம் வருஷத்துப் பாந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். அதன் கைப்பிடி சைக்கிள் பையைத் தாங்கும் கம்பி. அதன் நுனியில் தாயாரின் பின்னல் ஊசித் துண்டு. விரல் வைக்கும் இடங்களைக் காட்டும் வெள்ளைப் புள்ளிகள் சட்டைப் பொத்தான்கள்! இவையெல்லாம் ஒட்டுப்போட்ட காரியமல்ல. தந்தியின் இழுவிசை எவ்வளவு, அதை எந்த ஸ்பிரிங் தாங்கும் என்று இருவரும் கணக்குப் போட்டு, மாதிரி செய்து பார்த்த பிறகே மரத்தில் கை வைத்தார்கள்.

தோல்வியும் உண்டு. கையால் சுற்றிய காந்தச் சுருள்கள், தந்தியைப் பக்கவாட்டில் வளைத்தால் கரகரத்தன. அவற்றை மட்டும் கைவிட்டு, பர்ன்ஸ் கம்பெனியின் மூன்று சுருள்களை விலைக்கு வாங்கினார்கள். அவை கிறீச்சிடாதபடி பிசினை ஊற்றி இறுக்கினார்கள். இரண்டு வருஷ உழைப்பு. செலவு சுமார் எட்டுப் பவுன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், லெஸ் பால் எதை ஒழிக்கக் கட்டையைத் தேடினாரோ, அந்த ஊளையை வரவழைக்கத்தான் இந்தப் பையன் கித்தாரின் உள்ளே குடைந்து வெற்றிடம் வைத்தான். ஸ்பீக்கரின் சத்தம் தந்தியை மறுபடி அதிரச் செய்கிறது. அந்த அதிர்வு மறுபடி ஸ்பீக்கருக்குப் போகிறது. நாதம் அறாமல் நீள்கிறது. காட்டு ஊளையாக விடாமல் கைக்குள் அடக்கினால் அதுவே கமகம். 1964-இல் லண்டனில் டேவ் டேவிஸ் என்ற இளைஞன் தன் சின்ன ஸ்பீக்கரின் காகிதத்தைச் சவரப் பிளேடால் கிழித்து, அந்தக் கரகரப்பை இசைத்தட்டிலும் ஏற்றிவிட்டான். மாமா அவசரப்பட்டுப் புல்புல்தாராவைப் பரணில் ஏற்றாமல் இருந்திருக்கலாம்.

கித்தார் ஆயிற்று. பிள்ளை இம்பீரியல் கல்லூரியில் பௌதிகம் படித்தான். வானத்தில் கிரகங்களுக்கு இடையே மிதக்கும் தூசியைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சியும் செய்தான். 1974-இல் அதைப் பாதியில் போட்டுவிட்டு 'குவீன்' என்ற வாத்தியக் குழுவோடு போய்விட்டான். தகப்பனாருக்கு அது பேரிடி. தன் சம்பளத்தில் படிக்க வைத்த பிள்ளை டாக்டராகாமல் கித்தார்க்காரனாவதா? வெகு காலம் சரியான பேச்சு வார்த்தை இல்லை.

இந்த இடத்தில் என்னால் ஹெரால்டைக் குறை சொல்ல முடியவில்லை. நான் கதை எழுதப் போகிறேன் என்றபோது என் தகப்பனார் பதிலே பேசாமல் எழுந்து போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டார். ஆனால் அவர் எனக்குப் பேனா செய்து கொடுத்தவரல்ல. ஹெரால்டு மே பிள்ளையின் பக்கத்தில் இரண்டு வருஷம் உட்கார்ந்து, அவனை வீட்டைவிட்டுக் கொண்டுபோகப் போகிற வாகனத்துக்குத் தம் கையாலேயே ஸ்பிரிங் தேடிக் கொடுத்தவர். அது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அவர் காங்கார்டு விமானத்தின் மின்னணுக் கருவிகளுக்கு வரைபடம் போட்டவர். அதில் ஏறக் கையில் பணமில்லாதவர். பிள்ளை அவரையும் தாயாரையும் அதே விமானத்தில் நியூயார்க்குக்கு வரவழைத்து, மாடிஸன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் உட்கார வைத்தார். அன்றைக்குத்தான் அப்பாவுக்கு விளங்கிற்று என்று பிரையன் மே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஹெரால்டு 1988-இல் காலமானார். பாதியில் விட்ட தூசி ஆராய்ச்சியைப் பிள்ளை 2007-இல் முடித்து, அறுபதாவது வயதில் டாக்டரானார். அதற்கு ஐந்து வருஷம் முன்பு, 2002-இல், பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரை மேல் நின்று அவர் தேசிய கீதம் வாசித்ததும் இதே கித்தாரில்தான். மீட்டுவதற்குப் பிளாஸ்டிக் வில்லை வைத்துக்கொள்ளாமல் பழைய ஆறு பென்னி நாணயம் ஒன்றை வைத்துக்கொள்வது அவருடைய வழக்கம். கழுத்தில் புழுத் துளைகளை அடைத்த தீக்குச்சிகள் உள்ளேயே இருக்கின்றன.