அழிந்தது வேறு, மறைந்தது வேறு



இராசபாளையத்து நூற்பாலை ஒன்றின் கிடங்கை எண்ணிப் பாருங்கள். நூல் மூட்டைகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. எந்த மூட்டை எவ்விடத்தில் உள்ளது என்பதை இருப்புப் பதிவேடு கூறுகின்றது. அப்பதிவேட்டில் ஓர் ஏடு கிழிந்துபோனால் மூட்டைகள் மறைந்துவிடுமா? மறையா, அவற்றைத் தேடும் வழியே மறைகின்றது. அவ்விடம் வேண்டுமென்று பழையதை அகற்றிப் புதியதை வைக்கும்வரை, பழையது அங்கேயே கிடக்கும்.

கணிப்பொறியின் வட்டும் இத்தகையதே. 1981-ல் ஐ.பி.எம். கணிப்பொறியோடு வந்த டாஸ் என்னும் இயங்குதளம், ஒரு கோப்பை நீக்கும்போது அதன் பெயரின் முதலெழுத்தை மாத்திரம் ஒரு குறியாக மாற்றி, இடம் காலி என்று பதிந்துகொண்டது. உள்ளிருந்த செய்தியைத் தொடவில்லை. இவ்வுண்மையைக் கைக்கொண்டு, அமெரிக்கராகிய பீட்டர் நார்ட்டன் 1982-ல், நீக்கிய கோப்பை மீட்கும் மென்பொருளை வெளியிட்டார். 1991-ல் வந்த எம்.எஸ். டாஸ் 5.0 அத்தகைய கருவியொன்றைத் தன்னுடனேயே தந்தது.

பின்னர் இயங்குதளங்கள் பெருகின. பதிவேடு எழுதும் முறைகளும் பலவாயின. 1993-ல் விண்டோஸ் என்.டி. ஒரு முறையைக் கொண்டுவந்தது. லினக்ஸ் மற்றொன்றைக் கைக்கொண்டது. மேக் கணிப்பொறிக்கோ முறை வேறு. ஒரு தளத்தின் பதிவேட்டை இன்னொன்று படிக்க இயலாது இடர்ப்பட்டது. இந்நிலையில், கிறிஸ்டோஃப் கிரெனியே என்பார் 1998-ல் டெஸ்ட்டிஸ்க் என்னும் மென்பொருளைத் தொடங்கினார். டாஸ், விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய எல்லாவற்றிலும் இயங்கும் இதனை எவரும் விலையின்றிப் பெறலாம். இதன் துணையாகிய ஃபோட்டோரெக், பதிவேட்டையே நாடுவதில்லை. ஜேபெக் படங்கள் யாவும் ஒரே தொடக்கக் குறியை உடையன. அக்குறியைக் கண்டவிடத்தில் ஒரு படம் தொடங்குகின்றதென்று அது அறிந்துகொள்ளும். ஆயினும் கோப்பின் பழைய பெயர் திரும்பாது. சிதறிக் கிடந்த கோப்பு முழுமையாகக் கிட்டுதலும் அரிது.

மீட்கும் முறைக்கு, அண்டையிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலின் கல்வெட்டுகளை நினைவு கொள்ளலாம். கல்வெட்டு ஆய்வாளர் எழுத்தைச் சுரண்டிப் பார்ப்பதில்லை. ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி, மை தடவி, மைப்படி எடுத்து, அப்படியையே படிக்கின்றனர். வட்டை மீட்போரும் முதலில் முழுப்படி ஒன்று எடுத்து, அதிலேயே தேடுதல் வேண்டும். பழுதுற்ற வட்டிலிருந்தே கணிப்பொறியை இயக்கினால், நாம் அறியாமலே அதில் புதிய செய்திகள் எழுதப்படும். பழையவை உண்மையாகவே அழியும். ஆகவே, வேறொரு வட்டிலிருந்து லினக்ஸ் போன்ற தளத்தை இயக்கி, பழுதுற்றதைப் படிப்பதற்கு மட்டும் இணைத்து, மீட்டவற்றைப் பிறிதோர் இடத்தில் சேமிப்பதே முறை.

இதற்கும் எல்லை உண்டு. இன்றைய எஸ்.எஸ்.டி. வட்டுகள் பல, நீக்கப்பட்ட இடத்தைத் தாமே துடைத்துவிடுகின்றன. அதன்பின் எம்மென்பொருளாலும் பயனில்லை. உங்கள் ஆய்வேடும், பாட்டனாரின் குரற்பதிவும், குடும்பப் படங்களும் ஒரே வட்டில் இருக்குமாயின், இன்றே மற்றொரு படி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். தவறி நீக்கிவிட்டால், அக்கணமே எழுதுவதை நிறுத்துங்கள்.