புல்லட்டும் புஷ்ராடு நீளமும்

எங்கள் கௌதள்ளி கொள்ளேகாலத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில் இருக்கிறது. 1956 வரை கோயம்புத்தூர் ஜில்லா, மெட்ராஸ் ராஜ்யம். பிறகு மைசூர். 1997-ல் சாமராஜநகர் மாவட்டமாகிவிட்டாலும் ஊரைக் கேட்டால் எனக்கு இன்னும் மைசூர் என்றுதான் வாயில் வரும். அப்படி மாநிலம் மாறியதில் மெட்ராஸ் வண்டியான புல்லட் எங்களுக்குப் பக்கத்து மாநில வண்டியாகி, மைசூர் ஜாவா சொந்த வண்டியாகிவிட்டது!

ஜாவாக்காரர்களுக்கு இந்தப் பதிவின் தலைப்பே புரியாது. 1961-லிருந்து 1996 வரை ஐடியல் ஜாவா தயாரித்த இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்களில் வால்வும் கிடையாது, புஷ்ராடும் கிடையாது. (உதைக்கிற கம்பியே கியர் கம்பி என்கிற வித்தை மட்டும் உண்டு.) புல்லட் வேறு ஜாதி. கீழே கேம் சுற்றும், அது டேப்பட்டைத் தூக்கும், டேப்பட் நீளமான புஷ்ராடைத் தள்ளும், அது மேலே ராக்கரைத் தட்ட, வால்வு திறக்கும். அந்தக் கம்பி கொஞ்சம் குட்டையானால் 'டக் டக்' என்று சத்தம். கொஞ்சம் நீளமானால் சத்தமே இருக்காது, ஆனால் ஆபத்து அதில்தான். வால்வு முழுசாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை சீட்டில் உட்காரும்போதுதான் இறக்கி வைக்கும். உட்கார விடாவிட்டால் கருகிப்போகும்.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஃபேக்டரி. அதே 1955-ல்தான் இங்கே நான் இருக்கும் மிச்சிகனில் செவர்லே தன் பிரசித்தி பெற்ற சின்ன வி8 இன்ஜினை இறக்கியது. இரண்டுமே புஷ்ராடு இன்ஜின்கள். ஆனால் நீளத்தைச் சரிசெய்யும் வழி வேறு. அமெரிக்கக் கம்பி ஒரே அளவு. மண்டையையோ கேமையோ மாற்றினால், நீட்டிக் குறுக்கக்கூடிய ஒரு சோதனைக் கம்பியைப் போட்டு, வால்வு தண்டின் நுனியில் மை பூசி, இன்ஜினைக் கையால் சுற்றுவார்கள். ராக்கர் தேய்த்த தடம் நுனியின் நடுவில் மெல்லிய கோடாக விழும் நீளமே சரி. அந்த அளவில் கம்பிகளை ஆர்டர் செய்வார்கள். வார இறுதியில் கராஜில் இன்ஜின் கட்டும் என் ஆபீஸ் நண்பர்கள் இதை ஒரு பூஜை மாதிரி செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

புல்லட்டில் அந்தச் சோதனைக் கம்பி வண்டிக்குள்ளேயே இருக்கிறது. அலுமினியக் கம்பியின் அடியில் மரை போட்ட அட்ஜஸ்டர், லாக் நட். சிலிண்டர் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடியைக் கழற்றினால் கைக்கு வரும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டும். விரலால் உருட்டினால் கம்பி சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஃபீலர் கேஜ் தேவையே இல்லை. பள்ளிக்கூடம் போகாத மெக்கானிக்கும் துல்லியமாகச் செய்யக்கூடிய அளவை. என் கணக்கில் இந்தியச் சாலைக்கு இதைவிடப் பொருத்தமான டிசைன் கிடையாது.

ஆனால் மரைக்கும் முடிவு உண்டே! போன லீவில் அப்பாவின் 1978 மாடல் 350-ஐ நானும் தம்பியும் பிரித்தோம். சிலிண்டரின் மேல்முகத்தை யாரோ இரண்டு முறை லேத்தில் சீவியிருக்கிறார்கள். மண்டை அந்த அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது. வால்வு சீட்டையும் வெட்டியிருந்ததால் வால்வு தண்டு மேலே ஏறி, ராக்கரின் மறுமுனை தாழ்ந்துவிட்டது. இரண்டு காரியமும் கம்பியைக் குட்டையாகக் கேட்பவை. (கேமைச் சாணை பிடித்திருந்தாலோ, அடியில் தடித்த பேக்கிங் போட்டிருந்தாலோ நீளமாகக் கேட்டிருக்கும்.) அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருகியும் எக்ஸாஸ்ட் கம்பி சுழலவில்லை.

"இப்படியே ஓட்டினாங்களாப்பா?" என்று தம்பி கேட்டான். "மலை ஏறுறப்ப இழுக்காது, சுமைன்னு நெனச்சேன்" என்றார் அப்பா.

பழைய கம்பி ஒன்றைக் குட்டையாக வெட்டிப் போட்டு, மண்டையைப் பூட்டி, விரலில் சுழலும் வரை அட்ஜஸ்டரை நீட்டினோம். வெர்னியரில் அளந்ததில், அட்ஜஸ்டர் மரையின் நடுவில் நிற்க 2 மில்லிமீட்டர் குறைக்க வேண்டும் என்று வந்தது. கம்பியின் எஃகுத் தொப்பியைக் கழற்றி, குழாயை அவ்வளவு குறைத்து, தொப்பியைத் திரும்ப அடித்து இறக்கினோம்.

கம்பெனியே இந்த வேலையைப் படிப்படியாக ஒழித்துவிட்டது. 2008-லிருந்து வந்த யுசிஇ இன்ஜினில் ஹைட்ராலிக் டேப்பட், எண்ணெய் அழுத்தமே இடைவெளியைப் பார்த்துக்கொள்ளும். 2020-ல் மீட்டியோரில் வந்த ஜே இன்ஜினில் கேமே மண்டைக்கு ஏறிவிட்டது. 2023-ல் புல்லட்டுக்கும் அதுவே. புஷ்ராடு போயிற்று.

கருகியிருந்த வால்வை மாற்றியாயிற்று. தீபாவளிக்கு அப்பா தாளபெட்டா ஏற்றத்தில் தேர்டு கியரிலேயே போனதாகத் தம்பி போனில் சொன்னான். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் மூடியைக் கழற்றி மறுபடி உருட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.