தண்ணீர் பாட்டிலுக்குத் தடை வந்த கதை

விமானத்தில் சொந்தமாகத் தண்ணீர் கொண்டுபோக 2006 வரை பெரிய கெடுபிடி இல்லை. அந்த வருடம் ஆகஸ்ட் 10 அன்று, குளிர்பான பாட்டில்களில் திரவ வெடிமருந்து நிரப்பி, லண்டனிலிருந்து அமெரிக்கா, கனடா போகும் விமானங்களைத் தகர்க்க நடந்த சதியை முறியடித்ததாக பிரிட்டிஷ் போலீஸ் அறிவித்தது. அன்றே அங்கே கைப்பையில் திரவத்துக்குத் தடை. குழந்தையின் பாலைக்கூட உடன் வருபவர் குடித்துக் காட்ட வேண்டும்! நவம்பரில் ஐரோப்பா 100 மில்லி வரை அனுமதித்தது. (இட்லி போகும், சாம்பார் போகாது.)

கொடுமை என்னவென்றால், 1994 டிசம்பரிலேயே பிலிப்பைன் ஏர்லைன்ஸ் விமானத்தில் கான்டாக்ட் லென்ஸ் திரவ பாட்டிலில் வந்த வெடிமருந்து ஒரு பயணியைக் கொன்றிருந்தது. ஐரோப்பாவில் விதி மாற அதன்பின் 12 வருடம் ஆனது. மாறியதும் லாபம் யாருக்கு? வணிகவியல் மாணவன் கண்ணுக்கு, சோதனையைத் தாண்டி உள்ளே தண்ணீர் விற்ற கடைக்காரருக்குத்தான்.