திறந்த வைஃபையும் பேரர் செக்கும்

எனக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ் பேசும் கொழிஞ்சாம்பாறை. பெண் எடுத்தது மூணாறில். பிழைப்பு ஃபிராங்க்ஃபர்ட்டில், ஒரு வங்கியில். மூணாறு, மறையூர் பக்கம் ஹோம் ஸ்டே நடத்தும் உறவுக்காரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "வர்ற கெஸ்டுக்கு வைஃபையைப் பாஸ்வேர்டு இல்லாம திறந்து விட்டா என்ன? மாசக் காசு எப்படியும் கட்டத்தானே போறோம்?"

நியாயமான கேள்விதான். இதற்கு இந்தியாவும் ஜெர்மனியும் அடிபட்டுத்தான் பதில் கண்டுபிடித்தன. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையிலேயே ஆரம்பிக்கிறேனே. பேரர் செக் தெரியுமல்லவா? யார் கொண்டுவந்து நீட்டினாலும் பணம் கிடைக்கும். ஆனால் அதில் இருப்பது உங்கள் கையெழுத்து. திறந்த வைஃபையும் அப்படித்தான். உங்கள் ரூட்டர் வழியாக யார் போனாலும் வெளியே தெரிவது உங்கள் இணைப்பின் ஐபி முகவரி. அதை வைத்து போலீஸ் கேட்டால், இணைப்பு கொடுத்த நிறுவனம் உங்கள் பெயரையும் வீட்டு விலாசத்தையும்தான் எடுத்துக் கொடுக்கும்.

இந்தியாவுக்கு இது உறைத்தது 2008ல். ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு போன போலீஸ் நின்ற இடம் நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் வீடு. கணினிகளை எடுத்துப் போனார்கள், அவரைத் துருவித் துருவி விசாரித்தார்கள். கடைசியில் தெரிந்தது, அவருடைய வைஃபைக்குப் பூட்டே இல்லை, யாரோ அதில் புகுந்து அனுப்பியிருக்கிறார்கள் என்பது. அவர் மீது வழக்கு எதுவும் போடவில்லை. ஆனால் பட்ட பாடு பட்டதுதானே? அடுத்த மாதம் மாடுங்கா கல்லூரி ஒன்றின் வைஃபை, செப்டம்பரில் செம்பூரில் ஒரு கம்பெனியின் வைஃபை என்று அதே கதை தொடர்ந்தது. 2009 ஜனவரியில் மும்பை போலீஸ் பூட்டில்லாத வைஃபையைத் தேடித் தெருத்தெருவாகச் சுற்றும் திட்டத்தை அறிவித்தது. பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபையைப் பாதுகாப்பாக வைக்கச் சொல்லி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது.

சரி, பூட்டுப் போட்டால் போதுமா? பூட்டையும் பார்க்க வேண்டும். 1997ல் வந்த வெப் என்ற பழைய பூட்டில் ஓட்டை இருப்பது 2001லேயே அம்பலமாகிவிட்டது. 2007ல், இங்கிருந்து ரயிலில் பக்கத்திலேயே இருக்கும் டார்ம்ஷ்டாட் பல்கலைக்கழகத்தில் அதை ஒரு நிமிடத்துக்குள் திறந்து காட்டினார்கள். அதே ஆண்டு வெளியே வந்ததுதான் அமெரிக்காவின் டிஜேஎக்ஸ் கடைகளில் நடந்த திருட்டு. போனது சுமார் 4 கோடியே 57 லட்சம் கார்டு எண்கள். கடைகளின் வைஃபைக்கு அவர்கள் அப்போது போட்டிருந்ததும் வெப் பூட்டுதான். வங்கிக்காரனுக்கு வயிற்றைக் கலக்கும் கதை இது.

ஜெர்மனியில் பிரச்சினை குண்டு அல்ல, பாட்டு. ஒருவர் விடுமுறைக்கு வெளியூர் போயிருந்த நேரத்தில் அவர் வீட்டு வைஃபை வழியாக யாரோ ஒரு பாட்டைத் திருட்டுத்தனமாகப் பகிர்ந்துவிட்டார்கள். 2010 மே 12ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு: நஷ்ட ஈடு தர வேண்டாம். ஆனால் ரூட்டரோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டது உங்கள் பொறுப்பு, வக்கீல் நோட்டீஸ் செலவைக் கொடுங்கள். இதற்குப் பயந்து காபிக் கடைகள்கூட வைஃபை கொடுக்கத் தயங்கின. 2017ல் சட்டத்தைத் திருத்தி அந்தப் பொறுப்பைப் பெருமளவு நீக்கினார்கள்.

நம்மூருக்கும் திருட்டுப் படம் புதிதல்ல. 2024ல் 'அஜயன்டெ ரண்டாம் மோஷணம்' என்ற மலையாளப் படத்தைக் கோயம்புத்தூர் தியேட்டர் ஒன்றில் படம் பிடித்ததாக இரண்டு பேரைக் கொச்சி சைபர் போலீஸ் பெங்களூரில் கைது செய்தது. ஜிஎஸ்டி வரும்வரை வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும். படத்துக்கு அந்தச் செக்போஸ்ட் ஏது? 2023 சட்டத் திருத்தத்தின்படி இந்தக் குற்றத்துக்குக் குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. உங்கள் வீட்டில் தங்கியவர் அப்படி ஒரு படத்தை ஏற்றிவிட்டுப் போனால், விசாரணை முதலில் வருவது உங்கள் வாசலுக்குத்தான்.

அப்படியானால் யாருக்கும் வைஃபையே கொடுக்க வேண்டாமா? அதுவும் தப்பு. ரெயில்டெல்லும் கூகுளும் 2016ல் ஆரம்பித்த ரயில் நிலைய வைஃபையில் பாடங்களைக் கேட்டுப் படித்தே, எர்ணாகுளம் ஜங்ஷனில் மூட்டை தூக்கிய ஒரு மூணாறுக்காரர் 2018ல் கேரள பிஎஸ்சி எழுத்துத் தேர்வில் தேறினார். அந்த வைஃபை இலவசம்தான். ஆனால் மொபைல் எண் கொடுத்து, ஓடிபி போட்டுத்தான் உள்ளே போக முடியும். கதவும் திறந்திருக்கிறது, வந்தது யார் என்பதும் பதிவாகிறது.

ஹோம் ஸ்டே நடத்துபவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. தங்க வருகிறவரிடம் அடையாள அட்டை வாங்காமல் அறைச் சாவி கொடுப்பீர்களா? விருந்தினருக்கு என்று தனி வைஃபை, டப்பாவோடு வந்ததை மாற்றிவிட்டு நீங்களே வைத்த பாஸ்வேர்டு, டபிள்யூபிஏ2 அல்லது அதற்குப் புதிய பூட்டு, யார் எந்தத் தேதியில் தங்கினார் என்ற ரிஜிஸ்டர். இவ்வளவு போதும். தாராளமாகக் கொடுங்கள், பேரர் செக்காக மட்டும் கொடுக்காதீர்கள்.