ஒரு தோடி காட்டிய வழி

ராஜரத்தினம் பிள்ளை ஊதிய தோடி ராகம்தான் என்னை நாகஸ்வர உலகத்துக்குள் இழுத்துப் போனது. 1898இல் பிறந்தவர்; திருவாவடுதுறை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர். அவர் வாசிப்பிலிருந்த அந்தக் கார்வை எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். பக்கத்திலேயே நாகஸ்வரம் செய்யும் ஊரான நரசிங்கம்பேட்டை இருப்பது தெரியவந்தது. உச்ச சுருதியில் ஒலிக்கும் குட்டையான திமிரி நாகஸ்வரத்தை விட்டு, நீண்ட பாரி நாகஸ்வரத்துக்கு மாறியவர் பிள்ளை. சுத்த மத்யம ஸ்வரம் பிசிறில்லாமல் பேசும் பாரியை ஆச்சா மரத்தில் அவருக்குக் கடைந்து கொடுத்தார் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி. அங்கிருந்து கருவியின் ஊதுவாயான நாணல் சீவாளி, சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரி, நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில் என்று காது விரிந்தது. 2022இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் புவிசார் குறியீடு பெற்றது. கருவிக்குக் கிடைத்த அந்த மரியாதை, அதைக் கடைபவருக்கும் ஊதுபவருக்கும் கிடைக்க வேண்டும்.